ஒரே கணக்கில் ஊரெங்கும் வைஃபை: எடுரோமில் முடிவது பொது ஹாட்ஸ்பாட்டுகளில் ஏன் முடிவதில்லை?

பயணி_திருச்சி:

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகத் திருச்சி, கரூர், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றிக்கொண்டே இருப்பவன் நான். இரயில் நிலையத்தில் ஒரு வைஃபை, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் பிஎம்-வாணி என்ற அரசுத் திட்டத்தின் வைஃபை, தங்கும் விடுதியில் இன்னொன்று என்று எல்லா இடத்திலும் ஏதோ ஒரு வசதி இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் மொபைல் எண்ணைக் கொடுத்து, ஓடிபிக்காகக் காத்திருந்து, உள்நுழைவுப் பக்கம் திறக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கிய பேக் இரண்டு தெரு தள்ளி உள்ள கடையில் செல்லுபடியாகவில்லை. இரண்டுமே பிஎம்-வாணி என்றுதான் பலகை வைத்திருக்கின்றன.

என் மகள் பொறியியல் படிக்கிறாள். முதலாம் ஆண்டில் அவளுடைய கல்லூரியில் எடுரோம் என்ற, கல்வி நிறுவனங்களுக்கு இடையிலான வைஃபை வசதியைப் போனில் அமைத்துக் கொடுத்தார்கள். அண்மையில் ஒரு கருத்தரங்குக்காகச் சென்னையில் வேறொரு கல்வி நிறுவனத்துக்குச் சென்றபோது, யாரிடமும் எதையும் கேட்காமல் அவளுடைய போன் தானாகவே அங்குள்ள வைஃபையில் இணைந்துவிட்டது. மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் இந்த வசதி, பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? காரணம் தொழில்நுட்பமா, சட்டமா, வணிகமா? விவரம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதுங்கள்.

வளாக_நெட்வொர்க்:

நான் ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவில் நெட்வொர்க்கைக் கவனிப்பவன் என்பதால், எடுரோம் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி தானாகவே வந்துவிடும்.

2002-இல் நெதர்லாந்தின் ஆய்வு நெட்வொர்க்கான சர்ஃப்நெட்டில் பணியாற்றிய கிளாஸ் வீரெங்கா இந்த யோசனையை முன்வைத்தார். அப்போதே கையில் இருந்த இரண்டு பொருட்களை அவர் இணைத்தார். ஒன்று, நெட்வொர்க்குக்குள் நுழையும் முன்பே ஆளை அடையாளம் காணும் 802.1எக்ஸ். மற்றொன்று, டயல்-அப் காலத்திலிருந்தே இணைய நிறுவனங்கள் பயனரைச் சரிபார்க்கப் பயன்படுத்திவந்த ரேடியஸ் சர்வர். இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் எடுரோம் இயங்குகிறது. இந்தியாவில் கல்வி, ஆய்வு வலையமைப்பான எர்நெட் இதை நடத்துகிறது. இதன் கட்டமைப்பு முழுவதும் 2015-இல் ஆர்எஃப்சி 7593 என்ற ஆவணமாகவும் வெளிவந்துள்ளது.

உங்கள் மகளின் போனில் நடந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன். உலகில் எங்கு சென்றாலும் அந்த வைஃபையின் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயர் காற்றில் தெரிந்தவுடன் போன் தானாகவே கதவைத் தட்டுகிறது. அது தரும் அடையாளம் மின்னஞ்சல் முகவரி போன்று இருக்கும்: @ குறிக்கு முன்னால் ஆளின் பெயர், பின்னால் கல்லூரியின் டொமைன். சென்னை நிறுவனத்தின் ரேடியஸ் சர்வர் அந்தப் பின்பாதியை மட்டும் பார்க்கிறது; ‘இவர் நம் ஆள் இல்லை’ என்று தெரிந்ததும் கோரிக்கையை எர்நெட்டின் தேசிய சர்வருக்குத் தள்ளிவிடுகிறது. தேசிய சர்வர் அதை உங்கள் மகளின் கல்லூரி சர்வருக்கு அனுப்புகிறது. வேறு நாட்டவராக இருந்தால் மேலும் ஒரு படி மேலே, கண்ட அளவிலான சர்வருக்குப் போகும். கடைசியில் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது சொந்தக் கல்லூரியின் சர்வர் மட்டுமே. போனுக்கும் அந்தச் சர்வருக்கும் இடையில் மறையாக்கம் செய்த ஒரு குழாய் போடப்பட்டு, அதற்குள்தான் கடவுச்சொல் செல்கிறது. இடையில் இருக்கும் சர்வர்கள் எதுவும் அதைப் படிக்க இயலாது. ‘ஆம், இவர் எங்கள் மாணவர்’ என்ற பதில் அதே வழியில் திரும்பி வந்ததும் சென்னையில் கதவு திறக்கிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது இரண்டு. ஒரு பயனருக்கு அவரது சொந்த நிறுவனம் பொறுப்பேற்கிறது. சென்ற இடத்து நிறுவனம் அந்தப் பொறுப்பை நம்புகிறது. அடுத்ததாக, விருந்தினரிடம் யாரும் காசு வாங்குவதில்லை. உங்கள் மாணவர் இங்கு வந்தால் நாங்கள் கொடுக்கிறோம், எங்கள் மாணவர் அங்கு வந்தால் நீங்கள் கொடுங்கள் என்பதே உடன்பாடு. பொது ஹாட்ஸ்பாட்டில் இந்த இரண்டுமே சிக்கலாகின்றன.

கடைக்காரர்_மதுரை:

பயணி அவர்களின் மனக்குறையை நான் அன்றாடம் கடையில் கேட்கிறேன், ஏனெனில் நானே பிஎம்-வாணி வைஃபை வைத்திருப்பவன். எனவே எங்கள் பக்கத்து நிலவரத்தையும் சொல்ல வேண்டியது என் கடமை.

2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. டீக்கடை, மளிகைக் கடை என்று யார் வேண்டுமானாலும் உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் வைஃபை விற்கலாம் என்பதே இதன் அடிப்படை. என்னைப் போன்ற கடைக்காரர் பிடிஓ எனப்படுகிறார். எங்களைப் போன்ற பல கடைகளை ஒருங்கிணைத்து, பயனர் சரிபார்ப்பையும் கணக்கு வழக்கையும் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் பிடிஓஏ. பயனரைப் பதிவு செய்து, அருகில் உள்ள ஹாட்ஸ்பாட்டுகளைக் காட்டும் செயலியைத் தருபவர் ஆப் வழங்குநர். இவர்கள் அனைவரின் விவரமும் அடங்கிய மையப் பதிவேட்டை அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் பராமரிக்கிறது.

திட்டம் ஏட்டில் மிக நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் பக்கத்துக் கடையில் வாங்கிய பேக்கின் பணம் அந்தக் கடையின் பிடிஓஏவிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் கடை வேறொரு பிடிஓஏவிடம் இருக்கிறது. என் ஃபைபர் இணைப்பில் நீங்கள் வீடியோ பார்த்தால் அதற்குரிய சில ரூபாய்களை அவர்கள் எனக்குத் தர வேண்டும் அல்லவா? எங்கள் பகுதியில் நான் பார்த்தவரை அப்படிப் பங்கு பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு நடைமுறையில் இல்லை. ஐந்து பத்து ரூபாய் பேக்கை மூன்று பேருக்குப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் செலவையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாக எங்களைப் போன்றவர்களிடம் வீட்டு ஃபைபர் இணைப்பு போதாது, நிறுவனங்களுக்கான தனி இணைப்பான லீஸ்டு லைன்தான் எடுக்க வேண்டும் என்றே கேட்டார்கள். அதன் கட்டணம் ஒரு சிறிய கடை தாங்கக்கூடியது அன்று. 2025 ஜூன் 16 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஓர் ஆணை வெளியிட்டது: 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு ஃபைபர் திட்டங்கள் அனைத்தையும் பிடிஓக்களுக்கும் தர வேண்டும், கட்டணம் வீட்டுக் கட்டணத்தைப் போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. இது எங்களுக்கு உண்மையிலேயே பெரிய ஆறுதல். இந்த ஆணை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் எங்கள் தெருவில் மூடிவிட்ட ஹாட்ஸ்பாட்டுகள் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வளாக_நெட்வொர்க்:

கடைக்காரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பிஎம்-வாணியை வடிவமைத்தவர்கள் ஒரே கணக்கு என்ற எண்ணத்தை மறந்துவிடவில்லை. அடிப்படை வடிவத்திலேயே அது இருக்கிறது. நீங்கள் ஓர் ஆப் வழங்குநரிடம் ஒரு முறை மொபைல் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டால் போதும். பிறகு எந்தக் கடையின் வைஃபையைத் தேர்ந்தெடுத்தாலும், செயலி ‘இவரைச் சரிபார்த்தாயிற்று’ என்று சொல்லும் மின்னணுச் சீட்டான ஒரு டோக்கனை அந்த பிடிஓஏவின் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்புகிறது. பிடிஓஏ அந்த டோக்கனை ஆப் வழங்குநரிடமே கேட்டு உறுதி செய்துகொள்கிறது. இருவரின் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச் சாவிகளும் மையப் பதிவேட்டில் இருப்பதால், முன்பின் அறிமுகமில்லாத இரண்டு நிறுவனங்கள்கூட ஒன்றையொன்று நம்ப முடிகிறது. எடுரோமில் தேசிய சர்வர் செய்யும் அறிமுகத்தை இங்கே அந்தப் பதிவேடு செய்கிறது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அப்படியானால் எங்கே தடுக்கிறது? வேலை முழுவதும் உள்நுழைவுப் பக்கத்தின் வழியாக நடப்பதில் தடுக்கிறது. எடுரோமில் ஆள் யார் என்று தெரிந்த பிறகே போனுக்கு ஐபி முகவரி கிடைக்கிறது. இங்கே முதலில் யார் வேண்டுமானாலும் திறந்த வைஃபையில் இணைந்துவிடுகிறார்கள். அதன் பிறகு சர்வர் அவர்களை வழிமறித்து ஒரு வலைப்பக்கத்தைக் காட்டுகிறது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் ஆகிவிட்டதால் அப்படி வழிமறிப்பது எளிதன்று. பக்கம் திறக்காமல் ‘இணையம் இல்லை’ என்ற செய்தி மட்டும் வந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். செயலியைத் திறக்காமல் நேரடியாக வைஃபை பட்டியலில் இருந்து இணைந்தால் டோக்கனை அனுப்ப ஆள் இல்லை.

இன்னொரு சிக்கல் மேக் முகவரி, அதாவது வைஃபையில் ஒரு போனை அடையாளம் காட்டும் எண். ஒரு முறை உள்ளே வந்த போனை மறுநாளும் அடையாளம் காண, இத்தகைய உள்நுழைவுப் பக்க அமைப்புகள் அதன் மேக் முகவரியைக் குறித்து வைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-உம் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒவ்வொரு போலி மேக் முகவரியைக் காட்டத் தொடங்கின. தனியுரிமைக்காகச் செய்யப்பட்ட நல்ல மாற்றம் அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் மேக் முகவரி மாறினால் ஆளே மாறிவிட்டதாகக் கருதும் அமைப்புகளுக்கு அது பேரிடியாக அமைந்தது. எடுரோம் மேக் முகவரியைச் சார்ந்திருக்கவில்லை. அதனால் அங்கு எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை.

புதியவன்:

தவறாக நினைக்க வேண்டாம். 2016-க்குப் பிறகு மொபைல் டேட்டா இவ்வளவு மலிவாகிவிட்ட நாட்டில், பொது வைஃபையில் ஒரே கணக்கு என்பது யாருக்குத் தேவைப்படுகிறது? ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தால் லேப்டாப்புக்கும் இணையம் வந்துவிடுகிறதே.

கடைக்காரர்_மதுரை:

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. என் கடைக்கு வருபவர்களைப் பார்த்தே பதில் சொல்கிறேன். மாதக் கடைசியில் ரீசார்ஜ் முடிந்து, இருபத்தெட்டு நாள் பேக் போட முந்நூறு ரூபாய் கையில் இல்லாமல் இருப்பவர்கள் வருகிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அன்றைய டேட்டா தீர்ந்ததும் மாலையில் வந்து வகுப்பு வீடியோக்களைப் பதிவிறக்கிக்கொண்டு போகிறார்கள். எங்கள் சந்தின் உட்பகுதியில் உள்ள வீடுகளில் டவர் சரியாகக் கிடைப்பதில்லை, அவர்களும் வருகிறார்கள். டேட்டா மலிவுதான், ஆனால் எல்லார் கையிலும் எல்லா நாளும் இருப்பதில்லை.

யாழ்_ஆய்வாளர்:

இந்த இழையில் வேறொரு கோணத்தையும் சேர்க்க விரும்புகின்றேன். நான் இலங்கையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவன். அங்கு எடுரோமை லேர்ன் எனப்படும் கல்வி, ஆய்வு வலையமைப்பு நடத்துகின்றது. தமிழ்நாட்டில் சில வாரங்கள் தங்கி ஓலைச்சுவடிகளைப் பார்வையிட வேண்டியிருந்தது. எடுரோமில் சேர்ந்துள்ள ஒரு கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் அமர்ந்திருந்தபோது, யாழ்ப்பாணத்தில் பயன்படுத்தும் அதே கடவுச்சொல்லுடன் எனது மடிக்கணினி இணைந்துகொண்டது. என்னுடைய கோரிக்கை எர்நெட் வழியாக ஆசிய-பசிபிக் வட்டாரச் சர்வருக்குச் சென்று, அங்கிருந்து லேர்ன் வழியாக எங்கள் பல்கலைக்கழகத்தை அடைந்து திரும்பியிருக்கும் என்று மேலே படித்தபோதுதான் விளங்கிற்று.

ஆனால் நூலகத்துக்கு வெளியே வந்தவுடன் நிலைமை முற்றிலும் மாறிவிடுகின்றது. விமான நிலையத்திலும் சரி, இரயில் நிலையத்திலும் சரி, இந்திய எண்ணுக்குத்தான் ஓடிபி வரும் என்கின்றார்கள். என்னிடம் இருந்ததோ இலங்கைச் சிம். இணையம் இருந்தால் ஒரு வாகனத்தை அழைக்கலாம், உறவினருக்குச் செய்தி அனுப்பலாம். வந்திறங்கிய முதல் மணி நேரத்தில்தான் வைஃபை மிக அவசியமாக இருக்கின்றது, அப்போதுதான் அது கிடைக்காமல் போகின்றது. இந்த ஓடிபி விதி எதற்காக வந்தது என்று யாராவது விளக்க முடியுமா?

வளாக_நெட்வொர்க்:

யாழ் நண்பருக்கு: 2008-இல் குண்டுவெடிப்புகளின்போது பிறருடைய பாதுகாப்பற்ற வைஃபை வழியாக மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன. அதைத் தொடர்ந்து 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, பொது இடத்து வைஃபையில் நுழையும் ஒவ்வொருவரையும் அடையாளம் காண வேண்டும் என்று அறிவுறுத்தியது. மொபைல் சிம் வாங்கும்போதே அடையாளச் சான்று பெறப்படுவதால், அந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்புவது எல்லோரும் பின்பற்றும் எளிய வழியாகிவிட்டது.

விதியின் நோக்கத்தை நான் முழுமையாக ஏற்கிறேன்: தவறு நடந்தால் யார் செய்தது என்று பின்னர் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அந்த நோக்கத்தை எடுரோமும் நிறைவேற்றுகிறது. எங்கள் வளாகத்தில் ஒரு விருந்தினர் தவறாக நடந்தால், எங்களிடம் நேரமும் அவருடைய கல்லூரியின் டொமைனும் இருக்கும். அவருடைய கல்லூரியிடம் அந்த நேரத்தில் எந்த மாணவர் நுழைந்தார் என்ற பதிவு இருக்கும். இரண்டையும் சேர்த்தால் ஆள் தெரிந்துவிடும். ஒவ்வொரு வாசலிலும் ஓடிபி கேட்பதற்குப் பதிலாக, ஒருவரை ஒரே இடத்தில் முறையாகச் சரிபார்த்துவிட்டு, மற்ற இடங்கள் அந்தச் சரிபார்ப்பை ஏற்றுக்கொள்வதே பாதுகாப்புக்கும் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

நிழல்:

எடுரோமைப் புகழ்ந்து மட்டுமே எழுதிவருவது எனக்குக் கவலையளிக்கிறது. ‘எடுரோம்’ என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் ஓர் அக்சஸ் பாயிண்ட்டை (வைஃபை அலை தரும் கருவியை) வைக்கலாம். போன் பெயரைப் பார்த்தவுடன் தானாகவே இணைய முயலும் என்றால், போலி வைஃபைக்கும் அதே ஆர்வத்துடன் கடவுச்சொல்லை எடுத்துச் சென்று கொடுக்காதா? பல கல்லூரிகள் மாணவர்களுக்குத் தரும் வழிகாட்டியில், சர்வர் உண்மையானதா என்று காட்டும் சான்றிதழைப் பற்றி, ‘சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி, நீங்கள் விவரித்த குழாயின் பாதுகாப்பு முழுவதையும் இல்லாமல் செய்துவிடுகிறது.

வளாக_நெட்வொர்க்:

நிழல் சொல்வது முற்றிலும் சரி, இந்த இழையின் மிகப் பயனுள்ள எச்சரிக்கையும் இதுதான். குழாயின் மறுமுனையில் இருப்பது தன் கல்லூரியின் சர்வர்தானா என்று போன் சரிபார்க்காவிட்டால், எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் அவருடன் மறையாக்கம் செய்துகொள்ளும். பீப் என்ற குழாய் முறைக்குள் ஓடும் எம்எஸ்சாப்வி2 என்ற கடவுச்சொல் சரிபார்ப்பை உடைப்பது, டெஸ் என்ற பழைய மறையாக்கத்தின் ஒற்றைச் சாவியை உடைப்பதற்குச் சமம் என்பது 2012-இலேயே செய்து காட்டப்பட்டுவிட்டது. டிடிஎல்எஸ் என்ற இன்னொரு குழாய் முறைக்குள், கடவுச்சொல்லை நேரடியாக அனுப்பும் பிஏபியைப் பயன்படுத்தினால் கடவுச்சொல் அப்படியே போலியானவரின் கையில் கிடைத்துவிடும். அதுவும் பல இடங்களில் அதே கடவுச்சொல்தான் மின்னஞ்சலுக்கும் மதிப்பெண் பக்கத்துக்கும்.

எனவே போன் அமைப்பில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். சிஏ (சான்றிதழ் வழங்கும் நிறுவனம்) சான்றிதழ் என்ற இடத்தில் கல்லூரி சொல்லும் சான்றிதழ் அமைய வேண்டும். அதற்குக் கீழே டொமைன் என்ற இடத்தில் கல்லூரியின் ரேடியஸ் சர்வரின் பெயரை எழுத வேண்டும். இதை வெறுமையாக விட்டால் சான்றிதழ் இருந்தும் பயன் குறைவு, ஏனெனில் அதே நிறுவனம் வழங்கிய வேறு எந்தச் சான்றிதழையும் போன் ஏற்றுக்கொள்ளும். பெயரற்ற அடையாளம் என்ற இடத்தில் @ குறிக்கு முன்னால் உண்மைப் பெயர் இல்லாமல் டொமைனை மட்டும் கொடுத்தால், சென்ற இடத்தில் உங்கள் பெயர் தெரியாது. இவற்றைக் கையால் நிரப்புவதைவிட, எடுரோமின் கேட் கருவியிலோ கெட்எடுரோம் செயலியிலோ கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, அமைப்பு முழுவதையும் ஒரே முறையில் இறக்கிக்கொள்வதே நல்லது. ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு வந்த பல போன்களில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்ற தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. அப்படி நீக்கியதற்காக அப்போது எங்களைப் போன்ற கணினிப் பிரிவுகளுக்கு வந்த புகார்கள் ஏராளம், ஆனாலும் அது மிகச் சரியான முடிவு.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது பொது ஹாட்ஸ்பாட்டின் நிலை இதைவிட மோசம் என்பதையும் சொல்ல வேண்டும். திறந்த வைஃபையில் சரிபார்ப்பதற்குச் சான்றிதழே கிடையாது. போலி வைஃபை வைப்பவர் போலி உள்நுழைவுப் பக்கத்தையும் வைத்து ஓடிபியையும் வாங்கிவிடலாம்.

பயணி_திருச்சி:

இதுவரை வந்த பதில்களால் நிறையத் தெளிவு கிடைத்தது, அனைவருக்கும் நன்றி. எடுரோம் போன்ற ஒன்றைக் கல்லூரிக்கு வெளியே பொதுமக்களுக்காக உலகில் யாராவது செய்திருக்கிறார்களா? கடைக்காரர் சொன்ன பணப் பங்கீட்டை அவர்கள் எப்படித் தீர்த்தார்கள்?

வளாக_நெட்வொர்க்:

செய்திருக்கிறார்கள். எடுரோமில் எல்லா இடத்திலும் வைஃபையின் பெயர் ஒன்றாக இருப்பதால் போன் அதை அறிந்துகொள்கிறது. ஆனால் ஆயிரம் கடைகளும் விமான நிலையங்களும் தத்தம் பெயரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இதற்கான தீர்வு 2011-இல் வந்த 802.11யூ தரநிலையிலும், அதன் மீது தொழில்துறை அமைப்பான வைஃபை அலையன்ஸ் 2012-இல் சான்றளிக்கத் தொடங்கிய பாஸ்பாயிண்ட்டிலும் இருக்கிறது. அக்சஸ் பாயிண்ட் தன் பெயரோடு, தான் எந்தக் கூட்டமைப்பின் பயனர்களை ஏற்கும் என்பதையும் ஓர் எண்ணாக அறிவிக்கிறது. போன் தன்னிடம் உள்ள கணக்கு அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்ததா என்று பார்த்து, பெயர் எதுவாக இருந்தாலும் இணைந்துவிடுகிறது. பின்னணியில் ஓடுவது எடுரோமில் ஓடும் அதே 802.1எக்ஸ், அதே ரேடியஸ்.

இதன் மீது கட்டப்பட்டதுதான் ஓப்பன்ரோமிங். நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோ தொடங்கி, 2020-இல் வயர்லெஸ் பிராட்பேண்ட் அலையன்ஸ் என்ற தொழில்துறை அமைப்பிடம் ஒப்படைத்தது. எடுரோமைப் போல் தேசிய சர்வர்களின் ஏணி இதற்குத் தேவையில்லை. சென்ற இடத்துச் சர்வர், பயனரின் டொமைனை டிஎன்எஸ் எனும் இணையப் பெயர்ப் பட்டியலில் தேடி, அவருடைய சொந்த நிறுவனத்தின் சர்வரை நேரடியாகக் கண்டுபிடித்து, டிஎல்எஸ் மறையாக்கத்துடன் பேசுகிறது. இருபுறமும் கூட்டமைப்பு வழங்கிய சான்றிதழ் இருப்பதால் நம்பிக்கை பிறக்கிறது. டிஎல்எஸ் இங்கே அலங்காரத்துக்காக இல்லை: எம்டி5 என்ற பலவீனமான சரிபார்ப்புக் கணக்கை நம்பிய பழைய ரேடியஸில் ‘மறுப்பு’ என்ற பதிலை ‘அனுமதி’ என்று மாற்றிவிட முடியும் என்பது 2024 ஜூலையில் வெளிவந்த பிளாஸ்ட்ரேடியஸ் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது. 802.1எக்ஸ் பயன்படுத்தும் ஈஏபி முறையின் வழியாக நடக்கும் சரிபார்ப்பை அது பாதிக்கவில்லை என்பது ஆறுதல்.

பணப் பங்கீட்டை அவர்கள் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். கட்டணமில்லா ரோமிங்குக்கு ஓர் எண், கணக்குத் தீர்க்க வேண்டிய ரோமிங்குக்கு வேறோர் எண். வணிக வளாகமோ நகராட்சியோ ‘எங்கள் இடத்துக்கு மக்கள் வந்தால் போதும்’ என்று எண்ணினால் முதல் எண்ணை அறிவிக்கும். காசு எதிர்பார்ப்பவர் இரண்டாவதை அறிவிப்பார். போன் இணையும் முன்பே இது தெரிந்துவிடுகிறது. பிரிட்டனில் அரசு அலுவலகங்களுக்கென்று நடத்தப்படும் கவ்வைஃபையில், ஒரு முறை பதிந்தவர் எந்த அலுவலகத்துக்குச் சென்றாலும் மறுபடி பதிய வேண்டியதில்லை. டோக்கியோ பெருநகர அரசும் தன் பொது வைஃபையில் ஓப்பன்ரோமிங்கைக் கொண்டுவந்திருக்கிறது.

என் கருத்தைத் திறந்தே சொல்லிவிடுகிறேன். பிஎம்-வாணியின் மையப் பதிவேடு மிக நல்ல அடித்தளம். அதை அப்படியே வைத்துக்கொண்டு, உள்நுழைவுப் பக்கத்துக்குப் பதிலாக, ஆப் வழங்குநர் பயனரின் போனில் ஒரு முறை பாஸ்பாயிண்ட் அமைப்பை இறக்கிவிட வேண்டும். அதன் பின் பதிவேட்டில் உள்ள எந்த பிடிஓஏவின் கடையிலும் போன் தானாகவே இணையும். ஓடிபி அந்த முதல் பதிவில் மட்டும் போதும். வெளிநாட்டவருக்குக் கடவுச்சீட்டைக் கொண்டோ, அவருடைய பல்கலைக்கழக எடுரோம் கணக்கைக் கொண்டோ பதிவு செய்ய வழி வைக்கலாம். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

நிழல்:

தொழில்நுட்பத்தில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் ஓர் அச்சத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஒருவர் ஒரே கணக்கில் ஊரெங்கும் இணைந்தால், அவர் காலையில் எந்தக் கடைக்கு அருகில் இருந்தார், மாலையில் எந்த மருத்துவமனைக்குச் சென்றார் என்பது ஓர் ஆப் வழங்குநரின் சர்வரில் வரிசையாகப் பதிவாகிவிடும். எடுரோமில் அந்தப் பதிவு நம்மை ஏற்கெனவே அறிந்த கல்லூரியிடம் இருக்கிறது. இங்கோ அது விளம்பரம் விற்கும் நிறுவனத்திடம் இருக்கக்கூடும். சிம் கொண்டு தானாக இணையும் வைஃபைகளில், பழைய முறைகள் சிம்மின் நிரந்தர அடையாளமான ஐஎம்எஸ்ஐ எண்ணையே காற்றில் வெளிப்படையாக அனுப்பிவந்ததையும் நினைவில் கொள்ளுங்கள்.

சென்ற இடத்துக் கடைக்குப் பயனரின் பெயர் தெரியக் கூடாது. ஆப் வழங்குநர் இடப் பதிவை விசாரணைக்கு அன்றி வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. இந்த இரண்டும் எழுத்தில் இல்லாமல் ஒரே கணக்கு என்ற வசதியை நான் வரவேற்க மாட்டேன்.

வளாக_நெட்வொர்க்:

முதலாவதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. பெயரற்ற அடையாளத்தோடு, ஆர்எஃப்சி 4372 சொல்லும் ஒரு புனைபெயர் முறையையும் எடுரோம் பயன்படுத்துகிறது: சொந்த நிறுவனம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு புனைக்குறியைத் தரும். கடைக்காரருக்கு அதே ஆள் மறுபடி வந்தார் என்பது தெரியும், யார் என்பது தெரியாது. இரண்டு கடைகள் தங்கள் பதிவுகளை ஒப்பிட்டாலும் குறிகள் பொருந்தா. இரண்டாவது விதியால் மட்டுமே ஆகக் கூடியது. ட்ராய் பொது வைஃபை பற்றிக் கருத்துக் கேட்கும்போதெல்லாம் யாரும் எழுதலாம். அப்போது இந்த வரிகளையே எழுதி அனுப்புங்கள், நானும் அனுப்புகிறேன்.

புதியவன்:

ஒரு சிறு ஐயம். ஒரு கடையின் வைஃபையில் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே நடந்து அடுத்த கடையின் எல்லைக்குள் போனால் அழைப்பு அறுந்துவிடாதா?

வளாக_நெட்வொர்க்:

பெரும்பாலும் ஒரு கணம் தடைபடும். ஒரே நிறுவனத்தின் அக்சஸ் பாயிண்ட்டுகளுக்கு இடையே விரைவாக மாற 802.11ஆர் இருக்கிறது. ஆனால் நிறுவனம் மாறினால் ஐபி முகவரியும் மாறும். பழைய முகவரியில் தொடங்கிய, டிசிபி என்ற வழக்கமான நெறிமுறையின் இணைப்புகள் அறுந்துபோகும். 2021-இல் தரநிலையான குவிக் நெறிமுறை ஐபி மாறினாலும் இணைப்பைத் தொடரும் வகையில் அமைந்திருப்பதால், அதைப் பயன்படுத்தும் செயலிகள் தாக்குப்பிடிக்கும்.

பயணி_திருச்சி:

இன்றைய நிலையில் என்னைப் போன்றவர் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

வளாக_நெட்வொர்க்:

மையப் பதிவேட்டில் உள்ள ஏதேனும் ஓர் ஆப் வழங்குநரின் செயலியில் ஒரு முறை பதிந்துகொண்டு, வைஃபை பட்டியலில் இருந்து இணையாமல் எப்போதும் அந்தச் செயலியின் வழியாகவே இணையுங்கள். டோக்கன் செல்வதற்கு அதுவே வழி. நீங்கள் அடிக்கடி செல்லும் கடையின் வைஃபைக்கு மட்டும், போனின் வைஃபை அமைப்பில் தனியுரிமை என்ற பகுதிக்குச் சென்று, ‘சாதனத்தின் மேக்’ என்று மாற்றி வைத்தால் மறுநாள் மீண்டும் பக்கம் திறக்கும் தொல்லை குறையலாம். அறிமுகமில்லாத இடங்களில் அதைச் செய்யாதீர்கள். நாள் பேக்குகளையே வாங்குங்கள். ஒரு பிடிஓஏவிடம் மாத பேக்காகப் பணத்தை முடக்குவது, ஊர் ஊராகச் செல்பவருக்கு நட்டம்.

கடைக்காரர்_மதுரை:

என் கடை ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வைஃபைப் பகுதியில் ஹாட்ஸ்பாட் 2.0 என்று ஒரு தேர்வு இருக்கிறது, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வளாக நண்பர் சொன்ன பாஸ்பாயிண்ட் இதுதானா? ஆம் என்றால், என் பிடிஓஏவிடம் அவர்களுடைய ரேடியஸ் சர்வர் 802.1எக்ஸ் கோரிக்கையை ஏற்குமா என்று எழுத்திலேயே கேட்கப்போகிறேன். அவர்களின் பதிலை இங்கே பகிர்கிறேன்.

வளாக_நெட்வொர்க்:

அதுதான். கேட்கும்போது, வேறு பிடிஓஏவின் பயனர் வந்தால் கோரிக்கையை வெளியே அனுப்பும் வசதி அவர்களுடைய சர்வரில் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தத் தேர்வை இப்போதே இயக்கிவிட வேண்டாம். பின்னணியில் சர்வர் தயாராக இல்லாமல் இயக்கினால், வரும் போன்கள் இணைய முயன்று தோற்றுக்கொண்டே இருக்கும்.